அப்பாவுக்கு வைத்த தட்டு

அமெரிக்காவில் முன்னறிவிப்பின்றி எவரும் எவர் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. புறப்படும் முன் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார்கள். வாசலில் காரை நிறுத்தியபின் இன்னொன்று அனுப்புவார்கள். பொட்டலம் கொண்டுவருகிறவர்கூட அதை வாசற்படியில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு ஓசையின்றிப் போய்விடுவார். ஆகவே, நியூஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உரக்கத் தட்டப்பட்டபோது, அம்மா முதலில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். உள்ளே ஆளில்லை என்று நம்பி வந்தவர் திரும்பிப் போகட்டும் என்பது அவளுடைய உத்தி. அடுத்த கணமே குக்கர் விசிலடித்து அந்த உத்தியை அம்பலப்படுத்திவிட்டது.

வந்தவர் பக்கத்து வீட்டுப் போலந்துப் பெண்மணி. அதுவரை அவரோடு எங்களுக்கு இருந்த உறவு, கார் நிறுத்துமிடத்தில் கையசைப்பதோடு முடிந்துவிடும். அன்று அவர் கையில் பழைய புகைப்படங்கள் நிறைந்த ஒரு காலணிப் பெட்டி. நீங்கள் இந்தியர்கள்தாமே, இதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டு, ஒரு படத்தை அப்பாவிடம் நீட்டினார். வெளிர்நிறச் சடை போட்ட ஒரு சிறுமி ஒரு கடைக்கு முன் நிற்கிறாள். கடையின் பெயர்ப்பலகை மராத்தியில் இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்துக்காரரான அப்பா, தமக்கு மராத்தி தெரியாது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் மானமே தம் தோளில் ஏறி அமர்ந்துவிட்டதாக அவர் உணர்ந்திருக்க வேண்டும். பள்ளிநாளில் ஏதோ ஓர் இந்தித் தேர்வில் தேறிய துணிச்சலோடு எழுத்துக்கூட்டி, வியர்த்து, கடைசியில் ‘கோல்ஹாபூர்’ என்று அறிவித்தார். அந்தப் பெண்மணி அழுதுவிட்டார். அன்றுமுதல் அவர் எனக்கு ஆன்ட்டி. அப்பா அவருடைய ஆய்வுத் துணைவர்.

படத்திலிருந்த சிறுமி ஆன்ட்டியின் தாயார். இரண்டாம் உலகப் போரில் போலந்தின் கிழக்குப் பகுதியைச் சோவியத் படை பிடித்துக்கொண்டபோது, அவளையும் அவள் தாயையும் வீட்டைவிட்டுக் கிளப்பிச் சரக்கு ரயிலில் ஏற்றிக் கசக்ஸ்தானின் வெற்றுப் புல்வெளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஈரான்; ஈரானிலிருந்து கப்பலில் இந்தியா; கோல்ஹாபூருக்கு அருகே ஓர் அகதி முகாமில் சில ஆண்டுகள்; பிறகு இங்கிலாந்து; இறுதியில் நியூஜெர்சி. ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உலக வரைபடம் விரிந்தது. அப்பா பென்சிலும் ஆன்ட்டி விரலுமாக அந்தச் சிறுமி போன வழியைத் தொடர்ந்து போனார்கள். வழி முழுதும் தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் தெரியவில்லை. சிறுமியின் தந்தை, அதாவது ஆன்ட்டியின் தாத்தா, என்ன ஆனார்? படைவீரர்கள் கதவைத் தட்டிய அந்த விடியலுக்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டாரா, அல்லது குடும்பத்தை ரயிலேற்றும்போது உயிரோடு இருந்தாரா? ஆன்ட்டி எழுதிக் கேட்ட அலுவலகங்கள் எதற்கும் விடை தெரியவில்லை. விடை தெரிந்த ஒரே மனிதர் ஆன்ட்டியின் வீட்டிலேயே சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆனால் ஒருகாலத்தில் அந்தச் சிறுமியாக இருந்த மூதாட்டி அந்த நாட்களைப் பற்றித் தம் வாழ்நாளெல்லாம் வாய் திறந்ததில்லை. இப்போதோ, அவருடைய நினைவும் உதிரத் தொடங்கியிருந்தது.

பெரியவர்கள் வரலாறு பேசினார்கள். ஒன்பது வயதான நான் கதவு தட்டப்படும் ஓசையைக் கேட்டேன். எந்த விடியலிலும், எந்த வீட்டிலும் அது கேட்கலாம் என்பதுதான் அந்த ஞாயிறுகளிலிருந்து நான் கற்ற பாடம். படுக்கைக்கு அருகில் காலணிகளை வைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கினேன். பள்ளிப்பையில் பாடநூல்களுக்கு அடியில் ஒரு கம்பளிச் சட்டையும் பல்துலக்கியும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் சேர்ந்தன. குப்பைவண்டி வரும் காலைகளில் அதன் இரைச்சல் கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துகொள்வேன். எவரிடமும் சொல்லவில்லை. அச்சத்தைச் சொல்லிவிட்டால் அது வந்துவிடும் என்று நம்பினேன்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில்தான் அப்பா தம் தம்பியின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வருவதற்கான விசா முத்திரைக்காகச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எத்தனை நாள் ஆகும் என்று எவரும் சொல்லவில்லை. நான் அருகில் இல்லை என்று நினைத்து அம்மா தொலைபேசியில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

“கம்பெனில எத்தன நாளைக்குங்க வெயிட் பண்ணுவாங்க? ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னா வீட்டக் காலி பண்ணிட்டு நாங்க அங்க வந்தர்றதா? இவ ஸ்கூல் என்னாகறது?”

என்னிடம் வரும்போது அந்தக் கேள்விகளெல்லாம் ஒரே விடையாகச் சுருங்கிவிடும்: “வந்துருவாரு கண்ணு.” அதையும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்வாள்.

டிசம்பரில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வீடியோ அழைப்பில் அவர் முகத்தைப் பார்த்துப் பல நாட்களாகிவிட்டன. ஒவ்வொரு முறையும் அப்பா தூங்குகிறார் என்றாள் அம்மா. அந்தச் சொல்லை நான் முன்பே அறிவேன். கோபியில் என் தாத்தா இறந்தபோதும், என் பள்ளித் தேர்வு முடியும்வரை, அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

இந்த நிலையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை விருந்துக்கு ஆன்ட்டி எங்களை அழைத்தார். மார்கழி மாதம், கறி தொடமாட்டேன் என்று அம்மா தயங்கினாள். போலந்துக்காரர்கள் அந்த ஒரு மாலை மட்டும் கறியே சமைப்பதில்லை என்றும், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டைதான் என்றும் ஆன்ட்டி சொன்னதும் தயக்கத்துக்கு வழியில்லாமல் போயிற்று. இருள் கவியத் தொடங்கியபோது பனியில் கால் புதையப் பக்கத்து வீட்டுக்குப் போனோம். வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உட்கார வேண்டுமாம். அதுவரை மேசையைத் தயார் செய்யலாம் என்று ஆன்ட்டி என்னை உதவிக்கு அழைத்தார்.

முதலில் என் கையில் ஒரு பிடி உலர்ந்த புல்லைக் கொடுத்து, மேசைவிரிப்புக்கு அடியில் பரப்பச் சொன்னார்.

எனக்குப் புல்லைத் தெரியும். முந்தைய கோடையில் பவானி கூடுதுறையில் அப்பா தாத்தாவுக்குத் திதி கொடுத்தபோது, ஐயர் இப்படித்தான் புல்லைப் பரப்பினார். குழந்தை ஏசு பிறந்தது வைக்கோல்மேல் என்று ஆன்ட்டி விளக்கிக்கொண்டிருந்தார்; நான் பவானிக் கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு தட்டுகள். ஆன்ட்டிக்கு, மூதாட்டிக்கு, அம்மாவுக்கு, எனக்கு. அதற்குமேல் இன்னொரு தட்டை எடுத்து, ஆளில்லாத நாற்காலிக்கு முன் வைத்து, அதற்கு அருகில் மெழுகுவர்த்தி ஒன்றை நகர்த்தினார். எங்கள் வீட்டிலும் இது உண்டு. ஆடி அமாவாசைக்குத் தாத்தா படத்துக்கு முன் ஓர் இலை விரியும்; சாம்பிராணி போடுவாள் அம்மா; புகையறிவிப்பான் அலறும்; அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு கூடமெல்லாம் ஓடுவார். காக்கைக்கு வைத்த சோற்றைப் புல்தரையிலிருந்து வரும் வாத்துகள் தின்றுவிட்டுப் போகும். ஆளில்லாத இடத்தில் யாருக்குச் சோறு வைப்பார்கள் என்று எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆன்ட்டி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, மெல்லிய குரலில், இந்த ஆண்டு இந்தத் தட்டு உன் கணவருக்காக என்றார். அம்மாவின் இன்னொரு கை தாலியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ‘தேங்க் யூ’ என்றாள். குரல் ஒலித்ததாகவே தெரியவில்லை.

வளர்ந்து விவாதப் பயிற்சி தருகிறவளாகிவிட்ட நான், இன்று மேடைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வதுண்டு: எதிரணியின் தருக்கத்தோடு மோதாதீர்கள், அது நிற்கும் தளத்தைச் சோதியுங்கள். அன்று என் தளத்தைச் சோதிக்க எவருமில்லை; அது தொலைவிலிருப்பவருக்கும் எதிர்பாராமல் வருகிறவருக்கும் போலந்துக்காரர்கள் வைக்கும் தட்டு என்று சொல்லவும் எவருமில்லை. புல்லும் தட்டும் விளக்கும் இறந்தவர்களுக்கு உரியவை. இந்தத் தட்டு அப்பாவுக்கு உரியது. மரணச் செய்தி எனக்குத் தாமதமாகவே தரப்படும். அதுவரை இறந்தவர் தூங்குவார். இவற்றிலிருந்து பிறக்கும் முடிவு ஒன்றுதான்.

உண்ணத் தொடங்கினார்கள். பீட்ரூட் சாறு இரத்தம்போல் கிண்ணங்களில் நின்றது. அம்மா கொழுக்கட்டையின் வடிவைப் புகழ்ந்தாள், மாவைப் புகழ்ந்தாள், ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. எச்சில் பட்டது படையலாகாது. முறுக்குச் சுடும் நாளில் ஒரு துண்டைக் கடித்துவிட்டால்கூட, “ஐயோ, சாமிக்கு வைக்கறக்கு முன்னாடி எச்சப் பண்ணிட்டயே!” என்று அம்மா அந்தத் தட்டையே ஒதுக்கிவிடுவாள். இந்தத் தட்டை நான் எச்சிலாக்கிவிட்டால் இது படையலில்லை. படையலில்லையென்றால் அப்பா இறக்கவில்லை.

ஒரு கொழுக்கட்டையைப் பாதி கடித்தேன். மீதிப் பாதியைக் கொண்டுபோய் அப்பாவின் தட்டில் வைத்தேன்.

“ஏய், என்னடி பண்ற! எச்சக் கையி!” அம்மாவின் விரல்கள் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளின. ஆன்ட்டி, குழந்தைதானே என்று சொல்ல வாயெடுத்தார்; சொல்லவில்லை. அவருடைய பார்வை தம் தாயார் பக்கம் போயிருந்தது.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு மெலிந்த கை மேசைமேல் நீண்டது. அது அந்தப் பாதிக் கொழுக்கட்டையை எடுத்துக் கம்பளிச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டது. பிறகு மூதாட்டி வாசற்கதவைப் பார்த்தார். என் அச்சத்தை நான் அதுவரை வேறொரு முகத்தில் கண்டதில்லை. எண்பது வயது முகத்தில், என் வயதுடைய அச்சம் அப்படியே இருந்தது.

ஆன்ட்டி போலந்து மொழியில் ஏதோ கேட்டார். மூதாட்டி என்னைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். நின்று நின்று பேசினார். ஆன்ட்டியின் கரண்டி விரிப்பில் விழுந்து, பீட்ரூட் சாறு சிவப்பாகப் பரவியது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் பார்த்துவிடுவார்கள், ஒளித்து வை என்கிறாள். இது அவள் அப்பாவுக்காம். ரயில் நின்றிருந்தபோது அப்பா பெட்டிக்கு அருகில் வந்தாராம். தன் ரொட்டியைக் கடித்து, மீதிப் பாதியைப் பலகை இடுக்கு வழியாக அவரிடம் நீட்டினாளாம். அவர் வாங்கிக்கொண்டாராம். ரயில் புறப்பட்டுவிட்டதாம்.

“வந்திருக்கிறார்,” என்று ஆன்ட்டி திரும்பத் திரும்பச் சொன்னார். “அவர் ரயிலடிக்கு வந்திருக்கிறார்.” அத்தனை ஞாயிறுகளும் அத்தனை அலுவலகங்களும் தராத விடை அது. அவர் அழுதார், சிரித்தார், தாயின் கைகளை முத்தமிட்டார்.

எனக்கு அந்தக் கதையிலிருந்து ஒன்றே ஒன்றுதான் விளங்கியது: பாதி உணவை வாங்கிக்கொண்ட அப்பா அதன்பின் வரவேயில்லை. என் உபாயமே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, எனக்கு எளிதான மொழியில் வீரிட்டேன்.

“இஸ் அப்பா டெட்? ஜஸ்ட் டெல் மீ!”

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அணைக்கவில்லை. கைப்பையைக் கவிழ்த்து, சாவியும் சில்லறையும் சிதற, போனைத் தேடி எடுத்து அழைத்தாள். இந்தியாவில் அப்போது விடிந்திருக்காது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பிறகு திரையில் இருட்டு, ஒரு தலையணை, தாடி மண்டிய ஒரு முகம்.

“யாரு… கண்ணா? என்ன கண்ணு இந்நேரத்துல?”

“ஆர் யூ ஸ்லீப்பிங்?”

“தூங்கத்தான் தூங்குனேன். நீங்க விட்டாத்தான?” இருமினார். “காச்சலெல்லாம் உட்ருச்சு கண்ணு. பாஸ்போர்ட்டுதான் இன்னும் விடல.”

அதன்பின் ஆன்ட்டி போனை வாங்கிக்கொண்டு, ரயிலடிக்கு வந்த தாத்தாவைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினார். அப்பா எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அந்த அகால வேளையிலும் ஆய்வுத் துணைவராகிக் கேள்விகள் கேட்டார். மூதாட்டி தூங்கிவிட்டிருந்தார், கை சட்டைக்கையின்மேல் அழுந்தியிருந்தது. என் உலகம் சரியாகிவிட்டது. அப்பா உயிரோடிருக்கிறார்; வழக்கில் நான் வென்றுவிட்டேன்; இனி உண்ணலாம்.

உண்ணும்போதுதான் கவனித்தேன். அம்மா தன் இடத்தில் இல்லை. ஆளில்லாத நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்தியை அப்பால் தள்ளிவிட்டு, அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன கொழுக்கட்டைகளை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல், கரண்டியைத் தொடாமல், வெறுங்கையால் வேகவேகமாக உண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் நிறுத்தவில்லை. தட்டு காலியாகும்வரை உண்டாள். காலியான பிறகும் விரலால் அதை வழித்தாள்.

பாவம், அம்மாவுக்கு அவ்வளவு பசி என்று நினைத்துக்கொண்டு, என் பங்கிலிருந்து ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினேன்.