படத்தில் வைத்த பொட்டு

என் மருமகள் மணிமேகலையைப் பற்றிச் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். மெதுவாகப் பேசு என்று யாரும் எனக்குக் கையைக் காட்ட வேண்டாம்.

சித்தேரி மலையடிவாரத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் பேச்சே கிடையாது, எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். அவள் புருஷன், என் சின்ன மகன் நவநீதன், தக்காளி லோடு ஏற்றி வண்டி ஓட்டினான். அவர்கள் மகள் பிரியதர்ஷினி, எங்களுக்குப் பிரியா, நடை பழகுகிற நேரம், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அவன் வண்டி மேல் ஏறிவிட்டது. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் பேச மாட்டேன்.

அப்புறம் மணிமேகலைக்கு மாடும் மரவள்ளிக் காடும்தான் உலகம். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவாள், வெயில் ஏறுமுன் காட்டில் நிற்பாள். கிழங்கு பிடுங்க ஆள் வராவிட்டால் தானே பிடுங்குவாள். அப்படிப் பாடுபட்டு மகளைப் படிக்க வைத்து ஓசூரில் கம்பெனி வேலைக்கு அனுப்பினாள். என் பெரிய மகன் அர்ச்சுனனோ, "நாந்தான் அந்தப் புள்ளயப் படிக்க வெச்சேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். காலேஜில் சேர்க்கிற அன்றைக்கு பைக்கில் கூட்டிக்கொண்டு போனான், அது உண்மை. பஜ்ஜி கூட வாங்கிக் கொடுத்தான்.

பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என்னிடம் வந்து மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"ஆயா, பண்டபாத்திரம் எதுவும் எனக்கு வேணாம். குடுக்கறதுன்னா அப்பா, அம்மா, நான் மூணு பேரும் சேந்து நிக்கற போட்டோ ஒண்ணு போட்டுக் குடு. மாலை தொங்கற அப்பாவை எடுத்துட்டுப் போயி அந்த வூட்டுல மாட்ட மாட்டேன்."

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹீனா என்று ஒரு பெண் கடை வைத்திருக்கிறாள். போட்டோவைக் கப்பில் போடுவாள், தலையணையில் போடுவாள். செத்தவர்களையும் இருக்கிறவர்களையும் ஒரே படத்தில் நிற்க வைப்பாள். நவநீதனுக்கு முகம் தெளிவாக இருந்தது ஒரே படத்தில்தான். ஒரு காதுகுத்தில், பந்தியில் பரிமாறும்போது எடுத்தது, கையில் சாம்பார் வாளி. ஹீனா வாளியை எடுத்துவிட்டு அந்தக் கையை மகள் தோளில் வைத்துவிட்டாள். மணிமேகலையைக் கடையிலேயே நிற்க வைத்து எடுத்தாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கும்மா சிரிக்கணும்?"

"அண்ணன் பக்கத்துல நிக்கப் போறாருல்ல?"

அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பிரேம் போட்டு வாங்கப் போனோம். மணிமேகலை படத்தைப் பார்த்துவிட்டு, "அவரு அப்படியே இருக்காரு, நாந்தான் கிழவியாயிட்டேன்" என்றாள். நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். படத்தில் சிவப்பாக ஒரு பொட்டு, தலையில் கனகாம்பரம்.

"யாரும்மா வெக்கச் சொன்னது?" என்று ஹீனாவைக் கேட்டேன்.

"யாரும் சொல்லல ஆயா, நானாத்தான் வெச்சேன். அண்ணன் உயிரோட பக்கத்துல நிக்கறாரு. அப்ப அக்கா நெத்தி எப்படிக் காலியா இருக்கும்?"

அதில் என்ன தப்பு இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள். மணிமேகலை கண்ணாடிக்கு மேலேயே அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் அர்ச்சுனன் வந்தான். படத்தைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"என்னம்மா கூத்து இது? தாலி அறுத்தவளுக்குப் பொட்டு, பூவு? சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்தா காறித் துப்ப மாட்டாங்க?"

"துப்பறவன் என் எதுக்க வந்து துப்பட்டும்."

"அப்பா போனப்புறம் நீ வெக்கிறதில்லையே?"

"வெக்கலைன்னா? எனக்குப் புடிச்சிருந்துதுன்னு நெனச்சியாடா?"

உடனே மிரட்டலில் இறங்கினான். "மண்டபத்துல இந்தப் படம் இருந்தா நானும் என் பொண்டாட்டியும் மேடை ஏற மாட்டோம். தாரை வாத்துக் குடுக்க வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் அலமாரியில் படத்தைக் காணோம். மணிமேகலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி படம்?"

"ஹீனாகிட்டக் குடுத்துட்டு வந்தேங்க அத்தை. என்னை மட்டும் அதுலருந்து எடுத்துடச் சொன்னேன். அவரும் பொண்ணும் இருந்தாப் போதும். என்னால கல்யாணத்துல சண்டை வரக் கூடாதுங்க."

பெற்றவள், கிழங்கு பிடுங்கி வளர்த்தவள், அவளே தன்னை வெட்டிப் போடச் சொல்லிவிட்டு மாட்டுத் தொட்டியைக் கழுவுகிறாள்! சோறு தின்னாமல் பஸ் ஏறினேன்.

கடைக்குள் போனால், கம்ப்யூட்டரில் அப்பனும் மகளும் நிற்கிறார்கள். மணிமேகலை நின்ற இடம் வெறும் சுவராக இருக்கிறது.

"திருப்பி வை."

"அக்கா அழுதுகிட்டே சொல்லிச்சு ஆயா..."

"அவ அழுதா எடுத்துடுவியா? நான் கத்தறேன், திருப்பி வை!"

ஹீனா சிரித்துவிட்டாள். "பழசு பத்திரமா இருக்கு ஆயா, பிரேமைக் கூட இன்னும் பிரிக்கல. மனசு வரல" என்று எடுத்துக் கொடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்தேன். மணிமேகலையிடம், "இது நான் குடுக்கற சீரு. இதுல கை வெக்க உனக்கே உரிமை கிடையாது" என்றேன்.

கல்யாணத்தன்று அர்ச்சுனன் மேடை ஏறினான். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்க்கும்போது ஏறாமல் என்ன செய்வான்? தாரை வார்த்தது அவனும் அவன் பெண்டாட்டியும். பெற்றவள் தூணுக்குப் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். படத்துக்குப் பொட்டு வைக்க ஒரு கடைக்காரப் பெண்ணுக்குத் தோன்றியது. ஆளை மேடைக்குக் கூப்பிட அந்த மண்டபத்தில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

தாலி ஏறினதும் நான் போய்ப் பிரியா கையில் படத்தைக் கொடுத்தேன். பார்த்தாள். அம்மா எங்கே என்று தேடினாள். படத்தோடு மேடையை விட்டு இறங்கிவிட்டாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார்.

போட்டோக்காரன் மேலேயிருந்து கத்தினான். "பொண்ணு மாப்பிள்ளை மேல வாங்க!"

"நீங்க கீழ வாங்கண்ணா" என்றாள் பிரியா. "எங்கம்மா இங்கதான் இருக்காங்க."

தூணடியிலேயே எல்லோரும் நின்றோம். பிரியா படத்தை மணிமேகலை கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். நான் அர்ச்சுனனைப் பார்த்து, "நீயும் வந்து நில்லுடா, உன்னையும் நாந்தான பெத்தேன்" என்று கூப்பிட்டேன். வந்து நின்றான்.

இப்போது தூணடியில் எடுத்த அந்தப் படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் நேரே பார்க்கிறார்கள், அர்ச்சுனன் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். ஹீனாவிடம் சொன்னால் அதை நேராக்கித் தருவாளாம், பிரியா போனில் சொன்னாள். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.