வலப்பக்கம் சாய்ந்த குரல்

மதுரை செல்லூரில் மின்சாரம் போனால் முதலில் தறிகள் நிற்கும். ஒன்றாக நிற்காது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓடுவது நிற்கும், அடுத்த வீட்டில் நிற்கும், பிறகு சந்து முழுவதும் அடங்கும். அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தமும் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதும் காதில் விழும். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்களில் மின்வெட்டு அன்றாடம் இருந்தது. ஊரே திட்டிய அந்த நேரத்துக்காக நான் மட்டும் காத்திருந்தேன்.

நான் தொலைபேசி அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் வேலை பார்த்தேன். டயல் டோன் வரவில்லை, பேசினால் இரைச்சல், பில் தப்பு என்று காலையிலிருந்து காதுக்குள் கோபமான குரல்கள். மதியம் வீட்டுக்கு வந்தால் கீழே தறிச் சத்தம். கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்திய சிறிய தறிக்கூடம் அது, துண்டு நெய்தார்கள். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். தரையில் காலை வைத்தாலே அதிர்வு தெரியும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் ஊருக்கு வருவதற்கு முன்பு, என்ன வேண்டும் என்று போனில் கேட்டான். எல்லோரும் நகை என்று நினைத்தார்கள். நான் பிளேனார் மேக்னெட்டிக் ஹெட்போன் கேட்டேன். அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் அதைப் பற்றிப் படித்துப் படித்து ஆசை வளர்ந்திருந்தது. சாதாரண ஹெட்போனுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும். இதில் பாலாடை போன்ற மெல்லிய படலம் ஒன்று, காந்த வரிசைகளுக்கு நடுவே விறைப்பாக நிற்கும். படலம் முழுவதும் ஒன்றாக அசைந்து பாடும். அண்ணன் அதையும், பேட்டரியில் ஓடுகிற சோப்பு டப்பா அளவு ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் கொண்டுவந்தான். மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, கழுத்துக்குக் கேப்பன்னு பாத்தா காதுக்குக் கேட்டுருக்க. அதுவும் தங்கமில்ல" என்றார்.

கனமான பொருள். வெளிப்பக்கம் மூடி கிடையாது, வலைதான். உள்ளே பாடுவது வெளியே கசியும், வெளியே இருப்பது உள்ளே வரும். தறி ஓடும்போது அதைப் போட்டுக்கொள்வதில் அர்த்தமே இல்லை. ஆகவே மின்வெட்டுதான் என் கச்சேரி நேரம். மின்சாரம் போனதும் தலையில் இருக்கும் பூவை எடுத்து வைப்பேன். கொண்டை ஊசிகளைக் கழற்றுவேன். தாலிக் கயிற்றில் கோத்திருக்கும் ஊக்குகளையும் எடுத்துவிடுவேன். அந்தக் காந்தத்துக்கு அவ்வளவு பசி. ஒருமுறை ஊக்கு ஒன்று என் விரலிலிருந்து துள்ளி வலையில் போய் ஒட்டிக்கொண்டதைப் பார்த்ததிலிருந்து இந்தப் பழக்கம்.

முதன்முதலாகக் கேட்ட அன்று, பேட்டரியில் ஓடும் சிடி பிளேயரில் ஒரு பழைய புல்லாங்குழல் ஒலித்தட்டைப் போட்டேன். ஊதுவதற்கு முன்பு அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வது கேட்டது. விரல் துளையை விட்டு எழும் சத்தம், பின்னால் மிருதங்கக்காரர் துணியில் கையைத் துடைப்பது. அடித்த அடி அடங்கும்வரைக்கும் கேட்டது. வருடக்கணக்காகக் கேட்ட தட்டு அது. அன்றுதான் அவர்கள் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பாடுகிறவர்கள் என்றால் சரியாக என் நெற்றிக்கு நேரே, நட்ட நடுவில் நிற்பார்கள். சத்தத்தைக் கூட்டத் தேவையே இருக்காது. மெதுவாக வைத்தாலே எல்லாம் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை மாலை. மின்சாரம் போனது, தறிகள் அடங்கின. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியதும் பாடகி நடுவில் இல்லை. வலது காதுக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். இடது பக்கம் வீணை சுவருக்கு அந்தப்புறம் வாசிப்பது போல இருந்தது.

தட்டு பழுதோ என்று வேறு போட்டேன். அதுவும் வலது பக்கமே சாய்ந்தது. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகச் செருகுகிற வயர் அது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகிப் பார்த்தேன். அப்போதும் இடது பக்கம்தான் மங்கல். வயரில் கோளாறில்லை, இடது படலம் போய்விட்டது என்று முடிவுக்கு வந்தேன். இந்த ஊரில் அதைத் திறந்து பார்க்கக்கூட ஆள் கிடையாது.

வாசலில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். தறி ரிப்பேர் முழுவதும் அவர் கையில். முகம் வெளிறிக் கிடந்தது.

"மதினி, ஒரு விசயம்" என்றார். "நேத்து பீரோவ நகட்டயில அந்தப் பொட்டி கீழ விழுந்துருச்சு. தெறந்து பாத்தேன், வெளிய ஒண்ணும் ஒடையல. அதான் சொல்லல."

பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. பின்னாலேயே மாடியேறி வந்த கணவர் அதைக் கேட்டுவிட்டார்.

"நேத்தே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அண்ணே, வேணும்னேவா போட்டேன்?"

"அவ ஆசையா வச்சிருக்க ஒரே பொருளு. அதப் போயி…"

"நானே சரி பண்ணித் தாரேன், விடுண்ணே."

"என்னத்தச் சரி பண்ணுவ? இது என்ன தறியா, ஸ்பேனர வச்சுத் திருகுறதுக்கு?"

கொழுந்தன் பேசாமல் இறங்கிப் போனார். அன்று இரவு சாப்பிட வரவில்லை. மறுநாள் காலையிலும் தறிக்கூடத்தில் இருவரும் முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். மாமியார் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளைத் தனித்தனியாக இரண்டு இடத்துக்குக் கொண்டுபோனார். எனக்கு வீடே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மின்சாரம் போனதும் ஹெட்போனை மறுபடி எடுத்தேன். கேட்பதற்காக அல்ல, படலத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க. ஜன்னல் வெளிச்சத்தில் வலை வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நீவிவிட்டதுபோல் இருந்தது. அப்போதுதான் அலுவலகத்தில் லைன்மேன்களுக்கு நாங்கள் அன்றாடம் சொல்வது நினைவுக்கு வந்தது: போனைக் கழற்றி வேறு இணைப்பில் மாட்டிப் பாருங்கள், கோளாறு கூடவே வந்தால் போனில் இருக்கிறது, வராவிட்டால் லைனில் இருக்கிறது.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இடது கிண்ணம் வலது காதில், வலது கிண்ணம் இடது காதில்.

விழுந்ததில் கெட்டுவிட்டது என்று நான் நினைத்த இடது கிண்ணம் வலது காதில் பளிச்சென்று பாடியது. ஒரு குறையும் இல்லை. நன்றாக இருந்த வலது கிண்ணம் இடது காதில் சுவருக்கு அந்தப்புறம் போய்விட்டது.

கழற்றி, நேராக மாட்டினேன். மறுபடி திருப்பினேன். கோளாறு நகரவில்லை. பாட்டை நிறுத்தினேன். சந்து அமைதியாக இருந்தது. ஆனால் என் இடது காதுக்குள் ஒரு ரீங்காரம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தம் காதில் தங்கிவிட்டது என்று நேற்று நினைத்தது அது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அலுவலகத்தில் வருகிற அழைப்புக்கெல்லாம் "கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. லைன் சரியில்லை என்று நானே புகார் எழுதிக் கொடுத்திருந்தேன். அலுவலக ஹெட்செட்டை நான் மாட்டுவது இடது காதில்.

கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகல."

"நெசமாவா மதினி? நான் ஒடைக்கலையா?" அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அம்மாடி! நேத்துலருந்து சோறு எறங்கல எனக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அப்ப பெறகு எதனால கேக்கல?"

"காதுதான் கேக்கல."

சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

மாமியார் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சினார். கணவர், "சளி எறங்கிருக்கும். நாளைக்குப் பொழுது விடியட்டும், பாப்போம்" என்றார். பயத்தில் அப்படித்தான் பேசுவார். பெரிய விஷயத்தை ஒத்திப்போட்டால் சிறியதாகிவிடும் என்று நம்புகிறவர். எனக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கித் தள்ளி வைத்தேன்.

"இப்பவே போகணுங்க."

"ஞாயித்துக்கெழமை எந்த டாக்டர் இருப்பாங்க?"

"கோரிப்பாளையத்துல ஒரு அம்மா இருக்காங்க, ஞாயித்துக்கெழமையும் பாப்பாங்க" என்றார் கொழுந்தன். "நான் கூட்டிட்டுப் போறேன். நீ ஷெட்டப் பூட்டிட்டு வா அண்ணே." அந்த இரண்டு நாளில் அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். சந்தைத் தாண்டியதும் ஒரு மினி லாரி குறுக்கே நின்று தறிகளுக்கான பாவு நூல் உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கத்தி, கெஞ்சி, வண்டியைச் சாக்கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மெயின் ரோட்டில் ஹாரன் சத்தமெல்லாம் எனக்கு வலது பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. இடது பக்கம் உரசிக்கொண்டு போன பஸ்ஸைப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கைப்பையோடு வெளியே வந்துவிட்டார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். திருப்பி மாட்டிப் பார்த்ததைச் சொன்னதும் கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை. ஒரு இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம், டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வலதுதான்."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. அதற்குள் கணவரும் வந்து சேர்ந்திருந்தார்.

"அடைப்பு, சளின்னா கெட்ட காதுலதான் கேட்டிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இது நரம்பு. திடீர்னு வரும், பெரும்பாலும் காரணம் தெரியாது. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. சீக்கிரம் மாத்திரை ஆரம்பிச்சா வாய்ப்பு கூட. பாதிப் பேரு சளின்னு நெனச்சு எண்ணெய ஊத்திட்டு, எல்லாம் கை மீறிப் போனப்புறம் வருவாங்க."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்த ஹெட்போனாலதான் வந்துச்சா டாக்டர்?"

"எவ்வளவு சத்தமா கேப்பீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"பக்கத்துல யாராவது பேசுனா அது கேக்குற அளவுதான்."

"அதனாலன்னு நான் சொல்ல மாட்டேன். தறிச் சத்தம், ஆபீஸ் ஹெட்செட்னு பாத்தா அதெல்லாம் இதவிட மோசம். ஆனா இதுக்கு எதுவுமே காரணமா இல்லாமலும் இருக்கலாம்."

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றே தொடங்கினேன். அடுத்து வந்த நாட்களைப் போல நீளமான நாட்களை நான் பார்த்ததில்லை. முகம் உப்பியது, தூக்கம் போனது, எந்நேரமும் பசித்தது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மாமியாரின் தங்கை ஆனையூரில் தனியாகக் குடியிருந்த வீட்டில் பகலைக் கழித்தேன். தறிச் சத்தம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடிகாரத்தை இடது காதருகே கொண்டுபோவேன். ஒன்றும் இருக்காது. கையைத் தேய்த்துப் பார்ப்பேன், இருக்காது. பிறகு பார்ப்பதையே நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் இல்லை என்ற பதிலைக் கேட்டுக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

ஹெட்போனைக் கணவர் பீரோவின் மேல் ஏற்றி வைத்துவிட்டார். மாமியார் அதை விற்றுவிடச் சொன்னார். கொழுந்தன்தான் விடவில்லை. "அது இல்லன்னா நாம இன்னும் சளின்னுதான் சொல்லிக்கிட்டு இருப்போம் ஆத்தா. காட்டிக் குடுத்ததே அதுதான்."

மறு பரிசோதனைக்கு முந்தின நாள் மாலை நான் செல்லூர் வீட்டில் இருந்தேன். மின்சாரம் போனது. கணவரைப் பார்த்தேன். என்ன கேட்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"வேணாம் புள்ள. நாளைக்கு டாக்டரே சொல்லட்டும்."

"மெதுவா வச்சு, ஒரே ஒரு பாட்டுங்க."

நாற்காலி போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தார். சத்தத்தை முடிந்த அளவுக்குக் குறைத்துத் தொடங்கினேன். மாமியார் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார், கொழுந்தனும் படியேறி வந்து நின்றார். மூவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்புரா வந்தது. வலது பக்கம். பிறகு, மிகத் தாமதமாக வந்ததுபோல், இடது பக்கமும் அதன் கனத்த தந்தி மட்டும் கேட்டது. பாடகி வாயைத் திறந்தாள். அவள் வலது காதை ஒட்டி நிற்கவில்லை. அங்கிருந்து நடுவை நோக்கிப் பாதித் தூரம் வந்திருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். மூவரும் பதறிவிட்டார்கள். "என்னாச்சு மதினி, சொல்லுங்க" என்று கொழுந்தன் தோளைத் தொட்டார். வருகிறது என்று கையால் காட்டினேன்.

மறுநாள் காதைச் சோதிக்கும் கருவியில் பார்த்தபோது டாக்டரம்மா அதையே கோடுகளாகக் காட்டினார். கனத்த ஒலிகள் திரும்பியிருந்தன. அடுத்த மாதங்களில் நடு ஒலிகளும் பெரும்பாலும் வந்தன. மெல்லிய, உச்சத்து ஒலிகள் இடது காதுக்கு வரவேயில்லை. இனி வராது என்றும் சொல்லிவிட்டார். ரீங்காரமும் மெலிந்து, ஆனால் போகாமல் தங்கிவிட்டது. அலுவலகத்தில் கேட்டு, அழைப்பு வராத பிரிவுக்கு மாற்றிக்கொண்டேன். தறிக்கூடத்தில் அண்ணனும் தம்பியும் முன்புபோலவே சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு தறி ஓட்டினார்கள்.

ஒரு மாலை, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் ஒருமுறைகூட அதைத் தலையில் வைத்துப் பார்த்தவரில்லை. "நானும் கேக்கேன், குடு" என்றார். மாட்டிவிட்டேன். அசையாமல் கேட்டார். பாட்டு முடிந்ததும், "யாத்தே, இம்புட்டுச் சத்தம் இதுக்குள்ளயா இருக்கு? நேரா நடுவுல நின்னுல்ல பாடுது" என்றார். பிறகு கேட்டார்: "ஒனக்கும் இப்படித்தான கேக்குது?"

"கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளி நிக்கும்" என்றேன். "நடுவுக்கு வராது."

ஹெட்போனைக் கழற்றினார். இடது வலது பார்த்து, என் தலைமுடி சிக்காமல் ஒதுக்கி, இரு கையாலும் என் காதில் பொருத்தினார். "மொதல்லருந்து போடு" என்று சொன்னார்.