சத்தம் காட்டாதே என்று சொல்லிக் கொடுத்தேன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பிள்ளை உயிரோடு இருப்பது அவருடைய கிருபை. ஆனால் இந்தச் சாட்சியைச் சந்தோஷத்தோடு மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து பிழைப்புக்குத் திருப்பூர் வந்தோம். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில், நான் ஒரு பனியன் கம்பெனியில் பழுது பார்த்துப் பிரிக்கும் செக்கிங் வேலை. மகள் எஸ்தருக்கு நாலு வயது. காலையில் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடுவேன். பாட்டும் கூட்டாளிகளுமாக அவளுக்கு அங்கே கொண்டாட்டம். வாய் ஓயாது. ஐப்பசி மழையில் அந்தக் கூரை ஒரு பக்கம் சரிந்தது, பூட்டிவிட்டார்கள். "சரி பண்ணுனதும் சொல்லியுடறமுங்க" என்றார் டீச்சர். தை பிறந்தும் சொல்லவில்லை.

பார்த்துக்கொள்ள இங்கே எங்களுக்கு யார் உண்டு? அவளைக் கம்பெனிக்கே கூட்டிப்போனேன். இன்னும் சில தாய்மாரும் அப்படித்தான். வெட்டித் தள்ளிய வேஸ்ட் துணி குவியும் அறையில் பிள்ளைகள் கிடக்கும். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். முதலாளி வந்தால் மட்டும் துணிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். "யாரு கூப்பிட்டாலும் சத்தங் காட்டப்பிடாது. அம்மா வந்து தூக்குத வரைக்கும் மூச்சு விடாத" என்று நான்தான் பழக்கினேன். பாவி நான், நன்றாகவே பழக்கிவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் முதலாளி வந்து போனார். அறைக்குப் போனால் மற்ற பிள்ளைகள் இருக்கின்றன, எஸ்தரைக் காணோம். கக்கூஸ், மாடிப்படி, தெருமுனைச் சாக்கடை வரை ஓடினேன். பேர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. கூட வேலை பார்த்த வெள்ளகோவில்காரி சரசு, "அழுவாதீங்க்கா, இங்கதானுங்க எங்காச்சும் இருப்பா" என்றாள். வாசலில் வேஸ்ட் லாரி நின்றது. கட்டி வைத்த சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் புத்திக்கு ஒன்றும் எட்டவில்லை.

அந்தச் சாக்குகளுக்கு நடுவிலேயே முழங்காலில் விழுந்தேன். வேறு வார்த்தை வரவில்லை. தினமும் படுக்கும்முன் எஸ்தரோடு செய்யும் ஜெபத்தைத்தான் வாய்விட்டுச் சொன்னேன். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே." அதோடு நிறுத்தினேன்.

"ஆமென்" என்றது ஒரு சின்னக் குரல்.

வீட்டு ஜெபத்தில் அது அவள் பங்கு. அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். குரல் வந்த சாக்கின் கயிற்றை லோடுமேன் அறுத்தார். பாதி நிரம்பிய சாக்குக்குள் போய் ஒளிந்திருக்கிறாள். தெரியாமல் மேலே துணியைத் திணித்துக் கட்டிவிட்டார்கள். வேர்த்து, வெளுத்துப்போய் இருந்தாள். தூக்கினேன்.

"நீ கூப்பிட்டப்ப நான் சத்தமே காட்டலம்மா" என்றாள், பாராட்டுவேன் என்று நினைத்து.

மறுவாரமே என் வீட்டுக்காரர் கூடுதல் கூலிக்காக இரவு ஷிப்டுக்கு மாறினார். நான் வேலையை விட்டு, சரசுவின் பிள்ளையையும் லைன் வீட்டுப் பிள்ளைகளையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டேன். கத்தி விளையாடுங்கள் என்பேன். எஸ்தர் மட்டும் பழைய வாயாடியாகத் திரும்பவில்லை. பள்ளியில் பதில் தெரிந்தும் சொல்ல மாட்டாள். வளர்ந்த பிறகும், கூப்பிட்டால் உடனே குரல் வராது. பக்கத்தில் போய்த் தொட வேண்டும்.

தேவன் எனக்குப் பதில் கொடுத்தார், என் பிள்ளையின் வாயாலேயே கொடுத்தார். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள், கைவிட மாட்டார். உங்கள் பிள்ளைகளின் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு ஜெபத்தில் இன்றும் நான் ஆமென் சொல்வதில்லை. அவள் சொல்லும்வரை கண்ணை மூடிக் காத்திருப்பேன்.