மணி கேட்டு எழும்பிய பேய்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. தங்கச்சி செத்த பிறகு அவளின் மூன்றும் என் கையில்தான் வளர்ந்தன. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அதற்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகளின் பிள்ளை எழுதுகிறாள்.

தோட்டவெளி என்கிற எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பேய் வீடு என்று பெயர். சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போக, வீடு வருஷக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்தது. சோளகக் காற்று உடைந்த ஓட்டுக்குள்ளால் புகுந்தால் பொம்பிளை அழுகிற மாதிரிக் கேட்குமாம். திரும்பி வந்து ஓடு மாற்றினோம். சத்தம் நின்றது, பெயர் நிற்கவில்லை. கடைசி மகள் புருஷன் இல்லாதவள். விறாந்தையில் தையல் மெசின் போட்டுப் பெட்டைகளுக்குத் தையல் பழக்கிப் பிழைக்கப் பார்த்தாள். ஒருத்தியும் படி மிதிக்கவில்லை. முன்வீட்டு மச்சாள்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிவா, "அங்க தாயும் மகளுமாய் ரெண்டு பேய் இருக்குது" என்று. அங்கே இருந்த தாயும் மகளும் நாங்கள்தான்!

போன வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து நாலைந்து இளம் பிள்ளைகள் கமெராவோடு வந்தார்கள். பேய்ப் படம் எடுக்க எங்கள் வீடு வேணுமாம். செத்துப்போன தாய், மகளை வெளியே விடாமல் பூட்டி வைக்கிற கதை. என் மகள் என்னை உள்ளே இழுத்தாள்.

"அம்மா, இருக்கிற பேய்ப் பேர் போதாதே? படமும் எடுத்தால் ஒரு பிள்ளையும் வராது."

"வெளியில நிண்டு கதைக்கிறவை உள்ளுக்க என்ன இருக்கெண்டு படத்தில எண்டாலும் பார்க்கட்டும்."

தாய்ப் பேயாய் நடிக்க இருந்தவவுக்குக் காய்ச்சல். "நான் நடிக்கிறன்" என்றேன். பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள்.

"ஏன் தம்பி, பேய்க்கு என்ர முகம் காணாதோ?"

எனக்கு வெள்ளை உடுப்புத் தைத்தது என் மகள். படத்தில் மகளாய் வந்தது அவர்கள் கூட்டி வந்த பெட்டை.

கடைசிக் காட்சி பின்னேரம் எடுத்தார்கள். நான் கதவை மறித்துக் கதிரையில் இருக்க வேண்டும், கண் இமைக்கக் கூடாது. பெட்டை காலில் விழுந்து கெஞ்சுவாள். நல்லாய்த்தான் போனது. அந்த நேரம் ஆறு மணிக் கோயில் மணி அடித்தது. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், விடுமோ? எழும்பி நின்று சிலுவை அடையாளம் போட்டு, அந்தி மணிக்குச் சொல்கிற திரிகாலச் செபத்தைத் தொடங்கிவிட்டேன். பெட்டை வழி கிடைத்ததென்று வெளியே ஓடிவிட்டாள். படம் எடுக்கிற தம்பி தலையில் கை வைத்தான்.

"அம்மா, நீங்கள் பேயெல்லோ!"

"பேயெண்டாலும் வேதக்காரப் பேய், தம்பி. மணி அடிச்சால் எழும்பத்தான் வேணும்."

எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "படத்துக்கு இதுதான் முடிவு" என்றான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிய, பங்கு மண்டபத்தில் ஜன்னலுக்குப் பாய் கட்டிப் படம் போட்டார்கள். என்னைக் கண்டு சின்னதுகள் வீரிட்டுக் கத்தின. எனக்குப் பெருமை. மகள் மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். கடைசியில் படத்துக்குள் மணி அடித்தது. திரையில் நான் எழும்பினேன். முன்வரிசையில் மச்சாளும் எழும்பினா. பிறகு முழு மண்டபமும் எழும்பிச் சிலுவை போட்டு, பேயோடு சேர்ந்து செபம் சொன்னது. காலமை பத்து மணிக்கு அந்திச் செபம்! யாரோ மணிக்கூட்டைப் பார்த்துச் சிரிக்க, மண்டபமே குலுங்கியது.

முன்வீட்டு மச்சாள் என் பக்கம் திரும்பினா. "உங்கட வீட்டுப் பேய் என்னைவிடப் பக்தி, மச்சாள்."

"ஓம். அப்ப பயப்பிடாமல் வாங்கோ."

வந்தா. அவவோடு பாதி ஊரும் வந்தது. ஆளுக்கொரு தரம் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தார்கள். கொடியில் கிடந்த வெள்ளை உடுப்பைத் தொட்டு, "ஆர் தைச்சது?" என்று கேட்டார்கள். என் மகள் முன்னுக்கு வந்து நின்றாள்.

இப்போது விறாந்தையில் பதினொரு பெட்டைகள். மச்சாளின் பேத்தியும் ஒருத்தி. மெசின்கள் போடுகிற சத்தத்தில் எந்தப் பேய் அழுதாலும் ஒருத்தருக்கும் கேட்காது.

சரி பிள்ளை, எழுதினது காணும், நிப்பாட்டு. எங்க, முதலிலிருந்து வாசி பார்ப்பம். உரத்து வாசி, முன்வீட்டுக்குக் கேட்கட்டும்.