சோ டு ஸ்பீக் மனைவி

நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் நான் டைப்பிஸ்ட் குமாஸ்தாவாக இருந்த 1930களில், அவர் சென்னையில் பி.எல். முடித்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தங்கமான மனிதர். ஆனால் 'சோ டு ஸ்பீக்' (ஒரு பேச்சுக்குச் சொன்னால்) என்ற இங்கிலீஷ் தொடரை எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, எழுதும் மனுவிலெல்லாம் ஊறுகாய் வைப்பதுபோல் வைத்துவிடுவார். நானும் மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுப்பேன்.

ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்து பாவாயி என்று ஒரு விதவை வந்தாள். அவள் புருஷனுடைய அண்ணன் தம்பிகள், மலைக்கோயிலில் நாலு பேர் அறியாமல் கட்டிய தாலி செல்லாது, அவள் மனைவியே அல்ல என்று சொல்லி நிலத்தில் இறங்கவிடாமல் துரத்தியிருந்தார்கள். ஜீவனாம்சம் கேட்டு வழக்கு.

கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு அபிடவிட்டைத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்தது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். அது என் வேலை. அடித்திருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். "மனுதாரர், ஒரு பேச்சுக்குச் சொன்னால், காலஞ்சென்ற செங்கோடனின் மனைவி."

மை தடவிய விரலை அவள் மடக்கிக்கொண்டாள்.

"பேச்சுக்குப் பொண்டாட்டியாங்க நானு? அவிய படுக்கையில கெடந்தப்ப அள்ளிக் கொட்டுனதும் பேச்சுக்குத்தானுங்களா? கொழுந்தனாருங்க சொல்றதையே நீங்களும் எழுதி வெச்சிருக்கறீங்களே."

எதிர்க்கட்சி வக்கீல் கண்ணில் அந்த வரி பட்டிருந்தால் வழக்கு அதோடு முடிந்தது. எங்கள் வக்கீல் தாளை என்னிடமிருந்து வாங்கிப் படித்தார். சமாளிக்கப் பார்க்கவில்லை. "தப்பும்மா, எடுத்துடறேன்" என்றார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

புதிதாகக் கார்பன் வைத்து அடித்து, மறுபடி படித்தேன். 'மனுதாரர் கணவரின் வீட்டில் குடியிருக்கிறார்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"ஊடுன்னா போட்டிருக்குது? கூரையப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க சாமி. வெறும் செவுருதான் நிக்குது. அந்தப் 'பேச்சுக்கு'ங்கற வார்த்தைய இங்க வேணும்னா வெச்சுக்கங்க."

வக்கீல் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, 'வீடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சோ டு ஸ்பீக்' என்று தன் கையாலேயே எழுதினார். கூரை போன கதையையும் அதன் கீழே சேர்த்தார். அதற்கப்புறம்தான் பாவாயி கைநாட்டு வைத்தாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே உண்மையிலேயே இடைவெளி இருந்தால் மட்டும் அந்தத் தொடரைப் போடுங்கள். அழகுக்காகப் போட்டால் ஒருவருடைய வாழ்க்கையே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

வழக்கு எங்கள் பக்கம் தீர்ப்பானது. நான்தான் அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். "பாவாயி, செங்கோடனின் மனைவி" என்று மட்டும் இருந்தது. முன்னும் பின்னும் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

ஜீவனாம்சம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. "அந்த எடத்த இன்னொருக்கா படிங்க" என்றாள்.