முசுறு நடக்கும் கயிறு

சவூதியிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோ காலில் கூப்பிட்டால் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்று இருக்காது. "முசுறு நல்லா ஓடுதா?" என்றுதான் இருக்கும். உடனே நான் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, முந்திரி மரத்து இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் அந்தச் செவ்வெறும்புகளைக் காட்ட வேண்டும். அதுகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்களத்தியோடு குடும்பம் நடத்துகிறவள்கூட இவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டாள்.

எங்களுக்குப் பதினாறு முந்திரி மரங்கள். அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் அவர் மரத்துக்கு மரம் நைலான் கயிறு கட்டினார், முசுறு தரையில் இறங்காமல் போய்வருவதற்காக. துளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சுகிற பூச்சி ஒன்று உண்டு. தேயிலைக் கொசு என்கிறார்கள். எங்கள் செம்மண்ணில் தேயிலை ஏது? ஆனாலும் வந்துவிடும். முசுறு இருக்கிற மரத்தில் அதை உட்கார விடாது.

"ஒங்க முசுறு மாவுப்பூச்சியவும்ல வச்சுக் காப்பாத்துது" என்று ஒருநாள் குத்திக்காட்டினேன். துளிரில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்த பூச்சிகளைச் சுற்றி எறும்புகள் காவல் நின்றன.

"அது கசியிற இனிப்பத்தான குடிக்குது. வீட்டுக்கு நாலு கறவ மாடு வச்சுக்கக் கூடாதா?" என்றார்.

கிளம்பும்போது அவர் சொன்னது இதுதான். "ரெண்டு காய்ப்பு தொடந்து ஒழுங்கா வந்துருச்சுன்னா இங்கிட்டே இருந்துருவேன். வெளிநாடு வேணாம்." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளை ஓட்டினேன்.

முதல் காய்ப்பு நன்றாக வந்தது. அந்தச் சித்திரையில்தான் என் புத்தி கெட்டது. பழம் பறிக்க மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். தொரட்டியால் கிளையை உலுக்கியதும் முசுறு அவர்கள் கழுத்திலும் ரவிக்கைக்குள்ளும் உதிர்ந்தது. "இந்தச் சனியன வச்சுக்கிட்டு எங்களக் கூப்பிடாதீங்க" என்று கூடையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கும் கண்ணிமையில் ஒரு கடி. வந்த ஆத்திரத்தில் காய்ந்த தென்னங்கீற்றைப் பந்தமாகக் கட்டி, ஒரு கூடு விடாமல் கொளுத்தினேன். கயிறுகளை அவிழ்த்து வந்து வாசலில் துணி காயப்போடக் கட்டினேன். உள்ளதைச் சொன்னால், அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறு தையில் துளிர்களின் நுனி கருகியது. பூங்கொத்துகள் அடுப்பில் காட்டியதுபோல் வதங்கித் தொங்கின. தீ வைத்த நாளிலிருந்தே பக்கத்துக் கொல்லை மரத்து முசுறைத்தான் போனில் காட்டிச் சமாளித்துவந்தேன். ஒருநாள், "நம்ம மரத்துல கயிறு கெடக்குமே, எங்க?" என்றார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் கேட்டது கயிற்றைத்தான்.

"கயித்தத் தூரப் போட்டுட்டியா, இருக்கா?"

"இருக்குங்க. துணி காயுது."

"சரி. பத்திரமா வையி."

அந்த வாரமே அவர் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டினார். கரண்ட் போய்விட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

அந்த வருஷத்து மழை முடிந்ததும் கண்மாய்க்கரை நாவல் மரத்திலிருந்து கூடுகளை இறக்கினேன். "எல்லாத்தையும் ஒரே மரத்துல எடு. வேற குடும்பத்தக் கலந்தீன்னா ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கிட்டுச் சாகும்" என்று சொல்லியிருந்தார். விடியற்காலையில் கூட்டின் மேல் துணிப்பையை மாட்டிக் கிளையோடு வெட்டினேன். முழங்கை வரை கடி. நாலு நாள் எரிந்தது. எரியட்டும் என்று மருந்து போடவில்லை. கயிறுகளை மறுபடி மரத்துக்கு மரம் கட்டினேன். அவர் போடுகிற முடிச்சு மட்டும் எனக்கு வரவில்லை.

இந்த மாசியில் பூ கனத்திருக்கிறது. இப்போதெல்லாம் அவர் கேட்பதற்கு முன்னே நான் கொல்லையில்தான் நிற்கிறேன். நேற்று போனைக் கயிற்றருகே பிடித்தேன். முசுறு வரிசையாக அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நல்லா ஓடுது புள்ள" என்றார். "இது ஒண்ணு. இன்னும் ஒரு காய்ப்பு."

முதலிலிருந்து எண்ணுகிறார். நான் தீ வைக்காமல் இருந்திருந்தால் இந்த வருஷம் அந்த முடிச்சை அவரே போட்டிருப்பார். காய்ப்பும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், வந்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

"சரிங்க" என்றேன்.