மடக்கக் கூடாத விரல்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் கை அடிபட்டவனுக்கு டாக்டர் பஞ்சமே கிடையாது. எங்கள் தெருமுனை பாய் டீக்கடையில் காலையிலேயே ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எலும்பு, நரம்பு, சட்டம், நஷ்ட ஈடு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களில் ஒருவரும் எதையும் படித்ததோ விசாரித்ததோ இல்லை என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரருக்குத் தோல் கம்பெனியில் வேலை. தோலைச் சுருக்கமில்லாமல் அழுத்துகிற உருளை ஒருநாள் அவருடைய வலது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. விரல்களை வெட்டிவிடுவார்களோ என்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் எப்படியோ தைத்து, நாலு விரலையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று, பயிற்சி கொடுக்கிற அம்மா, "தினமும் வெந்நீர்ல வெச்சு மடக்கி நீட்டணும், இல்லாட்டி வெறைச்சிப் போய்டும்" என்றார். இவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

ஆட்டிவிட்டு நேரே டீக்கடைக்குப் போனார். அங்கே தீர்ப்பு தயாராக இருந்தது.

"மடக்கினியா, போச்சு! நஷ்ட ஈடு எவ்ளோன்னு முடிவு பண்ற போர்டு டாக்டருங்க முன்னாடி வெரல் மடங்குச்சுன்னா ஒரு பைசா தேறாது தோஸ்த். கட்டை மாதிரி வெச்சிக்கோ."

நஷ்ட ஈடு பற்றிய நோட்டீஸ் கம்பெனி வாசலில் ஒட்டித்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒன்று ஆங்கிலத்தில். பக்கத்திலேயே தமிழில் இன்னொன்று, 'தற்காலிக இயலாமை', 'நிரந்தரப் பகுதி ஊனம்' என்று. அந்தத் தமிழுக்கு ஆங்கிலமே தேவலை. ஆகவே எல்லோரும் டீக்கடையை நம்பினார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கை எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டது. துண்டில் சுற்றித் தலையணைமேல் வைத்திருப்பார். கொசு கடித்தால் நான் ஓடிவந்து சொறிந்துவிட வேண்டும். வளையல்காரி வாசலில் நின்றால், "கைய வேவு பாக்க கம்பெனி அனுப்பின ஆளா இருக்கும், கதவ சாத்து" என்பார். வெந்நீரைக் கொண்டுபோய் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவர் தூங்கும்போது துண்டை அவிழ்த்து, நானே விரல்களைப் பிடித்து மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. வலியில் எழுந்து அலறினார். இனி மடக்கு என்றாலும் அவரால் முடியாது. விடிந்ததும் அவரை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பயிற்சி அம்மா கையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார்:

"அடிபட்டது எக்ஸ்ரேல இருக்கு, கம்பெனி ரிப்போர்ட்ல இருக்கு. வெரல மடக்கினா அதெல்லாம் அழிஞ்சிடுமா? வேலைக்குப் போக முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுக்கிற வரைக்கும் லீவு பணம் வரும். வைத்தியமெல்லாம் முடிஞ்சும் கொறை நின்னு போச்சுன்னா, போர்டு பாத்து அதுக்குன்னு தனியா குடுப்பாங்க. கொறையே நிக்கலைன்னா கை முழுசா இருக்கும். உங்களுக்கு எது வேணும்?"

ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம். "இத இப்டி யாரும் சொல்லலியேம்மா" என்றார் இவர். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். இரண்டு விரல் திரும்பி வந்தது, இரண்டு வரவே இல்லை. போர்டு பார்த்து, அதற்கான பணத்தையும் கொடுத்தது.

கொஞ்ச காலம் கழித்து டீக்கடையில் வேறொரு கம்பெனி ஆள் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். "மடக்காதே" என்று அதே கூட்டம் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போன நான் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் விடுவிடுவென்று போய், விறைத்த இரண்டு விரலையும் அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லா பாருப்பா. மெஷின் விட்டுவெச்சத நானே கெடுத்துக்கிட்டேன். போய் மடக்கு."

அந்த ஆள் விரல்களையே உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணில் ஆசை பொங்கக் கேட்டார்:

"இதுக்கு எவ்ளோ வந்துச்சுண்ணா?"